பிள்ளை ஐசியூவில் இருக்கும்போது கிருமித்தொற்று: சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிறார் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலோ கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ பிள்ளையைச் சேர்த்துவிட்டு, இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். “மிஸ்ஸி, ஒரு நிமிஷம்” என்று தமிழ்க் குடும்பங்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகள் இவை. டாக்டரிடம் கேட்கத் தயங்கி, தமிழ் முகத்தைக் கண்டதும் கேட்பார்கள். பிள்ளைக்குப் பிள்ளை நிலைமை மாறும். அதனால் உங்கள் டாக்டர் சொல்வதற்கு மேலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐசியூவில்தானே சுத்தம் அதிகம்? அங்கே போய் எப்படித் தொற்று வரும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். தரையும் கட்டிலும் சுத்தமாகத்தான் இருக்கும். சிக்கல் பிள்ளையின் உடம்பில் இருக்கிறது. தோல், இருமல், மூக்கில் ஊறும் சளி, வயிற்று அமிலம் ஆகியவைதான் கிருமியை வெளியே நிறுத்தும் காவல். ஐசியூவில் இவை ஒவ்வொன்றையும் தாண்டித்தான் சிகிச்சை கொடுக்க வேண்டியிருக்கிறது. தோலைத் துளைத்து ரத்தக் குழாய்க்குள் ஒரு குழாய், தொண்டை வழியாக மூச்சுக்கு ஒன்று, மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒன்று, சிறுநீர்ப் பைக்கு ஒன்று. மயக்க மருந்தில் இருக்கும் பிள்ளையால் இருமவும் முடியாது.

வருகிற கிருமி எப்போதும் வெளியாள் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையின் தோலிலும் குடலிலும் சாதுவாக இருந்த கிருமிகளே குழாய் வழியாக ரத்தத்துக்குப் போய்விடுவது உண்டு. பிளாஸ்டிக் குழாயின் உட்புறத்தில், பாசி பிடித்த குடம் மாதிரி, கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் மருந்து சுலபமாகப் போய்ச் சேராது. சில சமயம் குழாயை எடுத்தால்தான் காய்ச்சல் விடுகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

எந்தத் தொற்றுகளைக் கண்டு டாக்டர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள்?

சென்ட்ரல் லைன் எனப்படும், பெரிய ரத்தக் குழாய்வரை போகும் குழாய் வழியாக ரத்தத்தில் வரும் தொற்று, வென்டிலேட்டர் என்ற மூச்சு இயந்திரத்தில் இருக்கும்போது வரும் நிமோனியா, சிறுநீர்க் குழாய்த் தொற்று, அறுவை சிகிச்சைப் புண்ணில் வருவது. இவற்றோடு, பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் சளிக் காய்ச்சல் கிருமிகள். பெரியவருக்கு இரண்டு நாள் தும்மலாகப் போகும் ஆர்எஸ்வி என்ற சளிக் கிருமி, இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்கு உயிராபத்தாகலாம்.

கை கழுவச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களே, உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?

ஆமாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஆல்கஹால் திரவத்தைக் கையில் எடுத்தால் 20 முதல் 30 விநாடி வரை, காயும்வரை தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் முழு வேலைக்கும் 40 முதல் 60 விநாடி. பெரும்பாலோர் உள்ளங்கையை மட்டும் இரண்டு தடவை தேய்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறார்கள். விட்டுப்போவது கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு. பிள்ளையை நாம் தொடுவதோ விரல் நுனியால்தான்!

மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைப்பது நல்லது. தாலிக்கொடியைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள். குனியும்போது குழாய்மேல் படாமல் உடைக்குள் விட்டுக்கொண்டால் போதும். முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேலே மடித்து விடுங்கள்.

அப்புறம், கைபேசி. கையைச் சுத்தம் செய்துவிட்டு உள்ளே வருவார்கள். கட்டிலருகே நிற்கும்போது பாட்டி வீடியோ அழைப்பில் வருவார். பேசி முடித்துப் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அதே கையால் பிள்ளையின் கன்னத்தைத் தடவுவார்கள். அந்தப் போன் காலையிலிருந்து எம்ஆர்டி, காப்பிக்கடை மேசை, கழிவறை என்று எல்லா இடத்துக்கும் போய் வந்தது. ஆல்கஹால் துடைப்பான் கேட்டு வாங்கிப் போனைத் துடையுங்கள், பேசி முடித்ததும் மறுபடியும் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

வார்டில் வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளை இருந்தால் ஆல்கஹால் திரவத்தை மட்டும் நம்ப வேண்டாம். நோரோவைரஸ் போன்றவற்றை அது சரியாக அழிப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டயப்பர் மாற்றிய பிறகும் அப்படியே.

தாதியோ டாக்டரோ கையைச் சுத்தம் செய்யாமல் பிள்ளையைத் தொட வந்தால் சொல்லலாமா? கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். நம் குடும்பங்களில் டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. “படிச்சவங்களுக்குத் தெரியாதா” என்று அப்பா அடக்கிவிடுவார், அம்மா வாயைத் திறக்க மாட்டார். ஆனால் ஐசியூவில் ஒரு ஷிஃப்டில் எத்தனையோ தடவை கையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அலாரம் அடிக்கும்போது, இரண்டு கட்டிலுக்கு நடுவே ஓடும்போது, நல்ல தாதிக்கும் ஒரு தடவை விட்டுப்போகும். மருத்துவமனைகளும் ஊழியர் கை கழுவுகிறார்களா என்று ஆள் வைத்துக் கவனிக்கின்றன. பெற்றோர் கேட்பது அவர்களுக்குப் புதிதல்ல.

எப்படிக் கேட்பது என்பதில்தான் தயக்கம் என்றால், “சாரி மிஸ்ஸி, கை சுத்தம் பண்ணிட்டீங்களா? எனக்குக் கொஞ்சம் பயம்” என்று கேட்டால் யாருக்கும் உறுத்தாது. கையுறை போட்டிருக்கிறாரே, அது போதாதா என்றும் கேட்பீர்கள். போதாது. கையுறை போடுவதற்கு முன்பும் கழற்றிய பின்பும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரே கையுறையோடு டயப்பரைத் தொட்டுவிட்டு டிரிப் குழாயைத் தொட்டால் கையுறை போட்டும் பயனில்லை.

நான் தாதியாக இருந்த காலத்தில் என்னை இப்படி நிறுத்திக் கேட்ட அம்மாக்களின் பிள்ளைகளைப் பற்றி எனக்குக் கவலை குறைவாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்ட்ரல் லைன் என்பது சாதாரண டிரிப் ஊசியிலிருந்து எப்படி வேறு?

கையில் போடும் டிரிப், தோலுக்கு அடியில் உள்ள சின்ன ரத்தக் குழாயில் நிற்கும். சென்ட்ரல் லைன் கழுத்திலோ தொடையிடுக்கிலோ கையிலோ நுழைந்து, இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய ரத்தக் குழாய்வரை போகும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளையும் ரத்தத்தில் நேரடியாக ஏற்றும் ஊட்டத்தையும் பெரும்பாலும் அதில்தான் கொடுப்பார்கள். அதில் கிருமி ஏறினால் நேரே ரத்த ஓட்டத்தில் கலந்துவிடும்.

அதைப் போடும்போது உங்களை வெளியே அனுப்புவார்கள். டாக்டர் தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை எல்லாம் போட்டு, பிள்ளையைத் தலை முதல் கால் வரை கிருமி நீக்கிய துணியால் மூடி, குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினியால் தோலைத் துடைத்துக் காயவிட்டுத்தான் ஊசி போடுவார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியூக்கள் இந்த மாதிரி ஐந்தே எளிய நடைமுறைகளைத் தவறாமல் பின்பற்றியதில், இந்த வகைத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்ததாக 2006-இல் ஆய்வு வந்தது. புதிய மருந்தோ புதிய இயந்திரமோ இல்லாமல் கிடைத்த பலன் அது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று தெரியவந்தது. 2010-இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவில் உள்ள 29 சிறார் ஐசியூக்கள் சேர்ந்து தொற்றை 43 விழுக்காடு குறைத்தன. குழாயைப் போடும் நேரத்துக் கவனத்தைவிட, போட்ட பிறகு தினமும் அதைப் பராமரிக்கும் விதம்தான் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தியது. காரணம் எளிது: சின்னப் பிள்ளையின் குழாயைத் தொட வேண்டிய தடவைகள் அதிகம், டயப்பர் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளை அசைகிறது, எச்சில் ஒழுகுகிறது.

தினசரிப் பராமரிப்பு என்றால் நீங்கள் கட்டிலருகே இருந்தபடியே பார்க்கக்கூடியதுதான். மருந்து ஏற்றுவதற்கு முன் குழாயின் வாயை ஆல்கஹால் துடைப்பானால் சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்ப்பார்கள். 15 விநாடி வரை தேய்த்து, காயவிட்ட பிறகுதான் ஊசிக்குழலை மாட்டுவார்கள். அந்தக் காத்திருப்பைப் பார்த்து ‘ஏன் இவ்வளவு மெதுவாகச் செய்கிறார்’ என்று பொறுமை இழக்க வேண்டாம், அதுதான் நல்ல தாதி. குழாய் நுழையும் இடத்தை மூடும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஒட்டை வழக்கமாக 7 நாளுக்கு ஒரு தடவையும், பஞ்சுத் துணிக் கட்டை 2 நாளுக்கு ஒரு தடவையும் மாற்றுவார்கள். ஓரம் கிளம்பினாலோ ஈரமானாலோ அந்தக் கணக்கு செல்லாது, உடனே மாற்ற வேண்டும். ஓரம் கிளம்பியதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அம்மாதான். விரலால் அழுத்தி ஒட்டிவிடாதீர்கள், தாதியைக் கூப்பிடுங்கள்.

தொடையிடுக்கில் குழாய் இருந்தால் டயப்பரைத் தனியாக மாற்றாதீர்கள். தாதியோடு சேர்ந்து மாற்றுங்கள்.

இந்தக் குழாய்களை எப்போது எடுப்பார்கள்?

தேவை தீர்ந்த அன்றே எடுக்க வேண்டும். ‘இருக்கட்டும், நாளைக்குத் தேவைப்பட்டாலும் படலாம்’ என்று ஒரு நாள் கூடுதலாக வைத்திருப்பது, ஒரு நாள் கூடுதலாக வாசலைத் திறந்து வைப்பது. காலையில் டாக்டர்கள் கூட்டமாக ஒவ்வொரு கட்டிலாக வருவார்கள் இல்லையா, அப்போது இந்த ஒரு கேள்வியைத் தினமும் கேளுங்கள்: “இன்றைக்கு எந்தக் குழாயை எடுக்கலாம்?” பதில் “இன்னும் வேண்டும்” என்று வந்தால் எதற்காக என்று கேளுங்கள். டாக்டர்களும் ஒவ்வொரு குழாயையும் பற்றித் தினமும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது. நீங்கள் கேட்டால் மறக்காது. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்புக்கு ஆள் கேளுங்கள். பத்து வயது அண்ணனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

ரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே தடவையில் எடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். குழாயைத் திறக்கும் தடவை குறையும்.

வென்டிலேட்டரில் இருக்கிறாள். நிமோனியா வராமல் என்ன செய்கிறார்கள்?

கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்திருக்கும், பெரும்பாலும் 30 பாகை அளவுக்கு. கைக்குழந்தைக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்காமலிருக்க இது உதவும். பிள்ளை சறுக்கிக் கீழே வந்திருந்தால் நீங்களாகத் தூக்க வேண்டாம், சொல்லுங்கள். மூச்சுக் குழாய் அரை விரற்கடை நகர்ந்தாலும் ஆபத்து.

வாய் சுத்தம் இங்கே பெரிய வேலை. பல் முளைத்த பிள்ளைக்கு மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், முளைக்காத பிள்ளைக்கு ஈரப் பஞ்சு. பல வார்டுகளில் பெற்றோரும் இதைச் செய்ய விடுவார்கள். வேறு எதுவும் செய்ய முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் அப்பாக்களுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லி நான் பரிந்துரைப்பேன்.

சளியை உறிஞ்சி எடுக்கும்போது வென்டிலேட்டரைக் கழற்றாமலேயே எடுக்கும் மூடிய குழாய் உண்டு. மயக்க மருந்தைக் குறைத்துப் பார்ப்பதும், பிள்ளை தானாக மூச்சுவிடுமா என்று சோதிப்பதும் தொற்றைத் தவிர்க்கும் முயற்சிகள்தாம். வென்டிலேட்டரில் இருக்கும் நாள் குறைந்தால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறையும். மருந்தைக் குறைக்கும்போது பிள்ளை கொஞ்சம் நெளியும், கண் திறந்து பார்க்கும். பார்க்கப் பாவமாக இருக்கும். உடனே “தூங்க வையுங்கள்” என்று கேட்காமல், என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

சிறுநீர்க் குழாய்?

பை எப்போதும் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது, குழாய் மடங்கக்கூடாது. கட்டிலை நகர்த்தும்போது பையைப் பிள்ளையின் மேல் வைத்தால் சொல்லுங்கள். இதையும் சீக்கிரம் எடுப்பதே நல்லது.

மருந்துத் துணியால் உடம்பைத் துடைக்கிறார்கள். அதற்குப் பதில் எண்ணெய் தேய்க்கலாமா?

அந்தத் துணியில் இருப்பது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின். தோலில் உள்ள கிருமிகளைக் குறைக்கத்தான். அமெரிக்காவில் 10 சிறார் ஐசியூக்களில், இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படித் தினமும் துடைத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. முறையாகத் துடைக்கப்பட்ட பிள்ளைகளிடம் ரத்தத்தில் கிருமி காணப்படுவது குறைவாக இருந்தது. சேர்க்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. அதனால் எல்லா இடத்திலும் ஒரே நடைமுறை இல்லை. பிறந்த குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் தோல் புண்ணாகக்கூடும் என்பதால் தனிக் கவனம் வேண்டும்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், பவுடர் எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு. எண்ணெய் பட்ட தோலில் ஒட்டு நிற்காது. ஒட்டு நிற்காவிட்டால் குழாய் நுழையும் இடம் திறந்துகிடக்கும்.

திருநீறு பூசலாமா? கயிறு கட்டலாமா? தீர்த்தம் கொடுக்கலாமா?

இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்துவார்கள், சிரித்துவிடுவேனோ என்று. தேக்காவிலிருந்து கேகே மருத்துவமனை நடக்கும் தூரம். வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை முடித்துப் பிரசாதத்தோடு நேரே வார்டுக்கு வருகிறவர்கள் எத்தனையோ பேர். தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஓதிய தண்ணீரும், கிறிஸ்துவக் குடும்பங்கள் ஜெபித்த எண்ணெயும் கொண்டுவருவார்கள். எந்த நல்ல தாதியும் இதைக் கேலி செய்ய மாட்டார். ஆனால் எங்கே, எப்படி என்பதைக் கேட்டுச் செய்யுங்கள்.

திருநீறு கிருமி நீக்கப்பட்ட பொருள் கிடையாது. எத்தனையோ கை பட்டுத்தான் வருகிறது. கழுத்தில் குழாய் இருக்கும் பிள்ளையின் நெற்றியில் பூசினால், தூள் உதிர்ந்து ஒட்டின்மேல் விழும். மூச்சுக் குழாயின் வாய்க்கும் மூக்குக்கும் பக்கத்தில் தூள் வேண்டவே வேண்டாம். சிறு காகிதத்தில் மடித்து, ஜிப் பையில் போட்டு, கட்டிலின் கால்பக்கம் மாட்டித் தருவோம். பெரும்பாலான பாட்டிமார்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். “சாமி பக்கத்தில் இருந்தால் போதும்” என்று அவர்களே சொல்வார்கள்.

கயிறு விஷயத்தில் கண்டிப்பு அதிகம். மணிக்கட்டிலும் இடுப்பிலும் கட்டிய கயிறு ஈரத்தையும் அழுக்கையும் பிடித்துவைக்கும். அதைவிட, ஐசியூவில் பிள்ளையின் உடம்பு சில மணி நேரத்தில் வீங்கிவிடலாம். அப்போது கயிறு சதையை இறுக்கும். அரைஞாணை அவசரத்தில் கத்தரிக்கோலால் வெட்ட நேர்ந்தால் குடும்பத்துக்கு மனம் கஷ்டப்படும். முதல் நாளே நீங்களே அவிழ்த்துப் பையில் வைத்துவிட்டால் அந்த வேதனை வேண்டாம். தாயத்துக்கும் இதேதான்.

வாய்க்குள் போவது எதுவாக இருந்தாலும் டாக்டருக்குத் தெரியாமல் கூடாது. தீர்த்தம், ஓதிய நீர், நாட்டு மருந்து, கஷாயம் எதுவும். பால் குழாயில் ஒரு சொட்டு ஊற்றிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். தேனும் அப்படியே. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் எங்கேயும் எப்போதும் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி வித்து, குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனியுங்கள்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்க வரவேண்டும் என்கிறார்கள். எப்படித் தடுப்பது?

மருத்துவமனை விதி ஒரு கேடயம், அதைப் பயன்படுத்துங்கள். எத்தனை பேர், எந்த வயதுப் பிள்ளைகள் என்பது வார்டுக்கு வார்டு மாறும். “உள்ளே விட மாட்டேங்கிறாங்க மாமா” என்று சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. வேண்டுமானால் தாதியையே சொல்லச் சொல்லுங்கள். நாங்கள் பழகியவர்கள்.

சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி, உதட்டில் காய்ச்சல் கொப்புளம், கை கால் வாய்ப்புண் நோய் இருப்பவர்கள் வரக்கூடாது. ‘லேசான சளிதான், முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன்’ என்பவரும் சேர்த்தித்தான். சின்னம்மை உள்ளவரோடு பழகியவர், தமக்குத் தடுப்பூசியோ நோயோ வந்திராவிட்டால், 10 முதல் 21 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் நோயாளி ஆகலாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து பரவும். சிங்கப்பூரில் சளிக்காய்ச்சல் ஆண்டின் நடுவிலும் ஆண்டிறுதியை ஒட்டியும் கூடுவது வழக்கம். அந்த மாதங்களில் இன்னும் கறாராக இருங்கள்.

2003-இல் சார்ஸ் வந்தபோது இங்கே 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். அதில் பலர் மருத்துவமனைக்குள்ளேயே தொற்றிக்கொண்டவர்கள்: தாதியர், டாக்டர்கள், பார்க்க வந்த உறவினர்கள். பார்வையாளரைப் பற்றி மருத்துவமனைகள் இன்றும் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

குடும்பத்தில் ஒருவரை வாட்ஸ்அப்பில் தினமும் செய்தி சொல்லும் ஆளாக வைத்துவிடுங்கள். தகவல் கிடைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்?

ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. போட்டுப் பலன் தர இரண்டு வாரம் ஆகும், அதனால் தள்ளிப்போட வேண்டாம். பணிப்பெண்ணையும் தாத்தா பாட்டியையும் மறக்காதீர்கள். கக்குவான் இருமல் தடுப்பூசி பற்றியும் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

அண்ணன் தம்பி அக்கா தங்கையின் தடுப்பூசிப் பதிவைச் சரிபாருங்கள். தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் தடுப்பூசி இங்கே சட்டப்படிக் கட்டாயம். தட்டம்மைத் தடுப்பூசியை 12 மாதத்திலும் 15 மாதத்திலும் போடுவார்கள். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகள் சிங்கப்பூர்க் குடிமக்களான பிள்ளைகளுக்குப் பலதுறை மருந்தகத்திலும், அரசாங்கத்தின் சாஸ் உதவித் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகத்திலும் 2020 நவம்பர் முதல் இலவசம். ஐசியூவில் இருக்கும் பிள்ளைக்குத் தவறிய ஊசிகளை எப்போது போடுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

என் பிள்ளைக்கு எம்ஆர்எஸ்ஏ என்று சொல்லித் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். நாங்கள் சுத்தமில்லாதவர்களா?

இல்லவே இல்லை. எம்ஆர்எஸ்ஏ என்பது மருந்துக்கு அடங்காத ஒருவகைக் கிருமி. அது இருக்கிறதா என்று மூக்கு, அக்குள், தொடையிடுக்கில் பஞ்சுக் குச்சியால் துடைத்துச் சோதிப்பார்கள். அந்தக் கிருமி தோலில் சும்மா தங்கியிருப்பது ஒன்று, அது நோயை உண்டாக்குவது வேறு. பெரும்பாலும் முதல் வகைதான். அடுத்த கட்டிலுக்குப் பரவாமலிருக்கத்தான் கவுனும் கையுறையும். அறையை விட்டு வெளியே வரும்போது கவுனைக் கழற்றிவிட்டு வாருங்கள். அதோடு காப்பி வாங்கப் போகிறவர்கள் உண்டு!

தட்டம்மை, சின்னம்மை, காசநோய் என்றால் வேறு வகை அறை. உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதபடி உறிஞ்சப்படும். தட்டம்மைக் கிருமி நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கக்கூடியது. கதவைத் திறந்து வைக்க வேண்டாம் என்று சொல்வது அதற்காக.

காய்ச்சல் அடித்தால் தொற்று என்றே அர்த்தமா? முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் கொடுத்துவிட்டால் என்ன?

அறுவை சிகிச்சை, ரத்தம் ஏற்றுவது, சில மருந்துகள், இவற்றாலும் காய்ச்சல் வரும். எதிர்மாறாக, கடுமையான தொற்றிலும் கைக்குழந்தையின் உடம்பு சில்லிட்டுப் போகலாம். இதயம், நுரையீரலின் வேலையைத் தாங்கிச் செய்யும் எக்மோ இயந்திரத்தில் இருக்கும் பிள்ளையின் ரத்தச் சூட்டை இயந்திரமே சரிசெய்வதால் காய்ச்சல் வெளியில் தெரியாது. அதனால் டாக்டர்கள் நாடித்துடிப்பு, சிறுநீர் அளவு, கைகால் குளிர்ச்சி, ஆக்சிஜன் தேவை எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். “இன்றைக்கு இவன் முகமே சரியில்லை” என்று உங்களுக்குத் தோன்றினால் அதைச் சொல்லுங்கள். பிள்ளையின் வழக்கமான முகம் உங்களுக்குத்தான் தெரியும்.

தொற்றால் ரத்த அழுத்தம் சரிகிறது என்று சந்தேகம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் முடிந்தவரை ரத்தம் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்க அனுப்புவார்கள். ஓரிரு நாளில் எதுவும் வளராவிட்டால், பிள்ளையும் தேறினால், மருந்தை நிறுத்துவது உண்டு. அது கைவிடுவது ஆகாது. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். பிறகு உண்மையான தொற்று வரும்போது கையில் மருந்து இருக்காது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக் சிரப்பை வெளியே எடுக்கவே வேண்டாம்.

தாய்ப்பால் கொடுக்க முடியாதபோது?

கறந்து கொடுங்கள், சில மில்லிலிட்டராக இருந்தாலும். தாய்ப்பாலில் நோயெதிர்ப்புப் பொருள்கள் உண்டு. கையையும் பம்ப் பாகங்களையும் கழுவும் முறை, சேமிக்கும் நேரம் எல்லாம் வார்டில் சொல்லித் தருவார்கள், அதன்படியே செய்யுங்கள். புட்டியில் பெயர், தேதி, மணி எழுத மறக்காதீர்கள். குறைமாதக் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் தானமாகப் பெற்ற பாலைச் சுத்திகரித்துக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கி கேகே மருத்துவமனையில் 2017-இல் தொடங்கப்பட்டது.

பொம்மை, போர்வை, பூங்கொத்து?

துடைக்கக்கூடிய பிளாஸ்டிக் பொம்மை சரி. பஞ்சு பொம்மை என்றால் புதிதாகத் துவைத்த ஒன்று, அதுவும் கேட்டுவிட்டு. கீழே விழுந்தால் வீட்டுக்குப் போகட்டும். பூவும் பூச்சாடித் தண்ணீரும் வேண்டாம். மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் குனியும்போது உதிரும் பூவைக் கட்டிலிலிருந்து நானே பொறுக்கியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்து தொற்று வந்துவிட்டால், மருத்துவமனையின் தவறா?

சில சமயம் ஆமாம், பல சமயம் இல்லை. 2015-இல் இங்கே ஒரு மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்கு ஹெப்படைட்டிஸ் சி பரவியபோது தனிக் குழு அமைத்து விசாரித்தார்கள். நடைமுறையில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். ஆனால் நோயெதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைக்கு, எல்லாம் சரியாக நடந்தும் தொற்று வரலாம். எந்தக் கிருமி, எங்கிருந்து வந்திருக்கலாம், இனி என்ன மாற்றம் செய்வீர்கள் என்று கேளுங்கள். சத்தம் போட வேண்டியதில்லை, சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் குடும்பச் சந்திப்பு ஒன்று கேட்டு வாங்குங்கள். மருத்துவச் சமூகப் பணியாளர் ஏற்பாடு செய்து தருவார். தொற்று வந்ததற்கு உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளத் தொடங்கியிருந்தால், அதையும் அவரிடம் பேசலாம்.

குழாயோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

போவதற்கு முன் நீங்களே செய்துகாட்டும்வரை பயிற்சி கேளுங்கள். பார்த்துக்கொண்டிருந்தது போதாது. பணிப்பெண்தான் பார்த்துக்கொள்வார் என்றால் அவரும் வந்து செய்துகாட்ட வேண்டும். குளிப்பாட்டும்போது ஒட்டு நனையக்கூடாது, நீச்சல்குளம் கூடாது. குழாய் நுழையும் இடம் சிவந்தாலோ வலித்தாலோ நீர் கசிந்தாலோ, மருந்து ஏற்றியதும் பிள்ளை நடுங்கினாலோ தாமதிக்க வேண்டாம்.

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், இரவு இரண்டு மணியாக இருந்தாலும், சிறார் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வீட்டுக்குக் கீழே உள்ள கிளினிக் காலையில் திறக்கட்டும், காய்ச்சல் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். பதிவு முகப்பில் முதல் வாக்கியமாக “பிள்ளைக்குச் சென்ட்ரல் லைன் இருக்கிறது” என்று சொல்லுங்கள். மற்ற விவரங்களை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.